படகு நீலம்

கண்டுபிடிக்கறதுக்கு என்னங்க இருக்கு, உங்க நகத்தைப் பாத்தாலே தெரியுதே. சுண்டு விரல்ல வெள்ளை, கட்டை விரல்ல நீலம். அந்த நீலத்தைத்தான் நான் ஒன்றரை மாசமா வாசல்ல பாத்துட்டு இருக்கேன். பேரெல்லாம் சொல்ல வேணாம். படகுப் பட்டறையில உங்களை டப்பாராணின்னுதான் கூப்பிடுவாங்களாமே. நாள் பூரா பெயிண்ட் டப்பாவுக்கு நடுவுல உக்காந்து கலர் கலக்கறீங்கன்னு. எங்க வீட்டுக்காரரு மட்டும் ராணின்னு சொல்லுவாரு. டப்பாவை எந்த வழியில தொலைச்சாருன்னு தெரியல.

சிரிக்கறீங்க. நானும் முதல் தடவை சிரிச்சேன்.

செருப்போடவே வாங்க, பரவால்ல. தரை எப்படியும் துடைக்கணும். கார் எங்கயும் ஓடிப் போயிடாது, அங்கதான் நிக்கும். மூடித்தான் வச்சிருக்கு. முதல்ல உக்காருங்க, வெயில்ல முகமெல்லாம் செவந்து கெடக்கு. பஸ் ஸ்டாப்லேர்ந்து நடந்தேவா வந்தீங்க? அவரு பட்டறையில இருக்கற நேரமாப் பாத்து வந்திருக்கீங்க. இல்ல இல்ல, தப்பா எடுத்துக்கல. அவரு இருக்கும்போது வந்தாத்தான் நான் தப்பா எடுத்துக்குவேன்.

சும்மா சொன்னேங்க. உக்காருங்க.

ஒரு நிமிஷம் இவளைப் பிடிங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன். அந்தப் போர்வையோட சேத்தே தூக்குங்க, அது இல்லாம இவ யார் மடியிலயும் தங்க மாட்டா. நானே தைச்சது. இவ வயித்துல இருந்தப்போ எட்டாம் மாசம் ஒக்காந்து தைச்சேன், பஞ்சு வச்சு, கட்டம் கட்டமா, ஒவ்வொரு கட்டமும் ரெண்டு இஞ்ச், ஸ்கேல் வச்சு கோடு போட்டு. கான்வென்ட்ல தையல் கிளாஸ்ல நான்தான் எப்பவும் ஃபர்ஸ்ட். அழுவா, பயந்துடாதீங்க. பக்கத்து வீட்டு அம்மா தூக்கினாக்கூட ஊரைக் கூட்டுவா. கொஞ்ச நேரம் தோள்ல போட்டு...

அழலயா?

ஓஹோ. சரி.

வாசனை பிடிச்சிருக்கும். அதான் விஷயம். உங்க மேல வர்ற அந்த தின்னர் வாசனை, அவரு சட்டையில வர்ற அதே வாசனைதானே. தினம் அதை மோந்துட்டுத்தானே தூங்கறா. பாவம், ஆள் யாருன்னு அவளுக்கென்ன தெரியும்.

சக்கரை எவ்வளவு? ஒன்னா? அவரும் ஒன்னுதான்.

கார்ல பெயிண்ட் ஏன் பொங்குச்சுன்னு நாலு மணிக்குள்ள முதலாளிகிட்ட எழுதிக் குடுக்கணுமாமே. நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொன்னாரு. சொன்னாருன்னா, என்கிட்ட சொல்லல, தட்டுகிட்ட சொன்னாரு. ராணி கைக்கு இப்படி ஆகாது, அது அளக்கறதுல சொட்டு தப்பாது, இருந்தாலும் பெயிண்ட் பொங்கியிருக்கே, நான் கண்ணால பாத்ததை எப்படி மறைக்கறதுன்னு. ரெண்டு வாய்தான் சாப்பிட்டாரு. நான் ரசத்தை இன்னொரு கரண்டி ஊத்தவான்னு கேட்டேன், காதுல விழல. உங்களுக்காக ஒரு மனுஷன் சாப்பாட்டை ஒதுக்கறதை எதிர்ல உக்காந்து பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. அதுக்கு பொண்டாட்டியா இருக்கணும்.

குடிங்க, சூடா இருக்கு, அவ கை பட்டுடாம. டம்ளரைத் தள்ளி வைங்க. இன்னும் தள்ளி. நான் கொஞ்சம் பயந்தவ, கண்டுக்காதீங்க.

பாக்கத்தானே போறீங்க, என்ன அவசரம். பானெட்ல மட்டும்தான். வேற எங்கயும் இல்ல. மேல கூரையில இல்ல, கதவுல இல்ல. பானெட் நடுவுல, அம்மை போட்ட மாதிரி சின்னச் சின்னதா கொப்புளம். தொட்டா உள்ள தண்ணி நிக்கற மாதிரி ஒரு மெத்து.

என்ன வச்சேனா? மேல ஒன்னும் வைக்கலயே. என்னத்தை வைக்கப் போறேன். கவர் போட்டு மூடியிருந்துச்சு, அவ்வளவுதான். காபி எப்படி, திக்கா இருக்கா?

அந்தக் காரைப் பத்திச் சொல்லணும்னா முழுசாச் சொல்லணும். நீங்க பெயிண்டை மட்டும்தான் பாத்தீங்க, நான் அதோட குடித்தனம் நடத்தறேன். இவ பொறக்கறதுக்கு நாலு மாசம் முன்னாடி இழுத்துட்டு வந்தாரு. ஓட்டிட்டு வரல, இழுத்துட்டு வந்தாரு. கதவுக்கடியில துரு ஓட்டை வழியா ரோடு தெரிஞ்சுது. நான் வாசல்ல நின்னு, ஏங்க இது காரா, கார் இருந்த இடமான்னு கேட்டேன். பாரு, கடல்காத்துக்கு இங்க எந்தக் காரும் மூணு வருஷம் தாங்காது, நான் படகுக்கு அடிக்கறதை இதுக்கு அடிச்சேன்னா இருபது வருஷம் போவும்னாரு. அப்புறம் ஆறு மாசம் தேய்ச்சாரு. பட்டறையில நாள் பூரா தேய்ச்சுட்டு வந்து, இங்க மறுபடியும் தேய்ப்பாரு. எனக்கு இடுப்பு வலி வந்து கத்தினப்ப கூட கையில உப்புத்தாளோடதான் ஓடி வந்தாரு. டாக்டரம்மா கேட்டாங்க, அப்பா கையில என்னது அதுன்னு.

அப்புறம் கலரு. என்ன கலருங்க வேணும் ஒரு காருக்கு? வெள்ளை, கறுப்பு, சாம்பல். உலகத்துல எல்லாரும் ஓட்டலயா? இவருக்கு அந்தப் பெரிய படகுக்கு அடிக்கறதுக்குக் கலக்கின அதே நீலம் வேணும். முதலாளியே மிச்சத்தை எடுத்துக்கோன்னு சொல்லிட்டாரு. நீங்க பதினோரு தடவை கலக்கிக் கலக்கிக் கொட்டி, பன்னண்டாவதுல பிடிச்சீங்களாமே. அதை அவரு சொல்லும்போது முகத்தைப் பாக்கணும். இவ முதல் முதல்ல சிரிச்ச அன்னைக்கு ஃபோட்டோ எடுத்தேன், அதுல அவரு முகம் அவ்வளவு பளிச்சுன்னு இல்ல. ராணி அந்தக் குச்சியை டப்பாவுக்குள்ள விட்டு எடுத்தா, சொட்டு விழறதைப் பாத்தே சொல்லிடும், இன்னும் அஞ்சு நிமிஷம் ஊறணும்னு. சரி, நான் தோசைமாவு கரைச்சா கரண்டியிலேர்ந்து விழறதைப் பாத்தே சொல்லுவேன். அதை எந்தப் பட்டறையில போய் யாரு சொன்னாங்க?

அடிச்சு முடிச்சு கொண்டாந்து நிறுத்தினாரு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடி மாதிரி. பக்கத்துல போனா என் முகம் தெரிஞ்சுது. தலை வாராம, தூக்கம் கெட்டு, சட்டையில பால் கறையோட. ஒரு பொண்ணு குழந்தை பெத்து நாலு மாசத்துல அவளைக் கொண்டு போய் அவ்வளவு பளபளன்னு ஒரு காருக்குப் பக்கத்துல நிறுத்தலாமாங்க? சட்டம் போட்டுத் தடுக்கணும்.

மறுநாள் ஒரு பேப்பரைக் கொண்டாந்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினாரு. அதோ, அங்கேயே இருக்கு பாருங்க. தெரியுதா? உங்க கையெழுத்தேதான். எட்டு ரூல். அதுக்கு முன்னாடி அந்த இடத்துல பாப்பாவோட தடுப்பூசி அட்டை இருந்துச்சு. அதைக் கழட்டி மைக்ரோவேவ் மேல வச்சுட்டாரு.

எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? கையெழுத்து எவ்வளவு அழகா இருக்குன்னுதான். முத்து முத்தா. எங்க ஸ்கூல்ல கையெழுத்துக்கு சிஸ்டர் ஒருத்தங்க மார்க் போடுவாங்க, பத்துக்கு ஒன்பதுக்கு மேல ஆண்டவருக்குத்தான்னு சொல்லுவாங்க. எனக்கு எப்பவும் ஒன்பது. உங்களுக்கும் போட்டிருப்பாங்க. ஒன்பதரை கூட. அந்த எரிச்சல் வேற.

முதல் மாசம் மெழுகு, பாலிஷ் எதுவும் தொடக் கூடாது. தூசியோட துடைக்கக் கூடாது, முதல்ல தண்ணி ஊத்தி தூசியை எறக்கிட்டுத்தான் துணி படணும். வட்டமாத் துடைக்கக் கூடாது, நேர்கோட்டுல. துணி மெத்துன்னு இருக்கணும். உடனே என்ன பண்ணாரு, இவளுக்குன்னு வாங்கி வச்சிருந்த வெள்ளை டவல் மூணையும் எடுத்துட்டாரு. இப்ப அது காரோடது. நான் இவளை என் பழைய துப்பட்டால துவட்டறேன். காக்கா எச்சம் விழுந்தா சுரண்டக் கூடாது, ஈரத்துணியைப் போட்டு ஊற வச்சு ஒத்தி எடுக்கணும். இதுக்குன்னு காலைல அஞ்சரைக்கு எழுந்திரிக்கறாரு. இவ ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதா எழுந்திரிக்காத மனுஷன், காக்கா கத்தினா எழுந்து ஓடறாரு. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுடாதீங்க, மேல இருக்கற பளபளப்புத் தோலு போச்சுன்னா போனதுதான், திரும்ப வராதுன்னு கோடு போட்டு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சப்ப எனக்கு என்னமோ என்னைப் பத்தி எழுதின மாதிரி இருந்துச்சு.

எட்டாவது ரூல் இருக்கே, அதான் உச்சம். கீறல் விழுந்தா நீங்களா எதுவும் பண்ணாதீங்க, எனக்குச் சொல்லுங்க. எனக்குன்னா யாருக்கு? என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல எனக்குன்னு எழுதினா அது நான்தானேங்க?

இல்ல, நீங்க மனசுல ஒன்னும் வச்சு எழுதலன்னு எனக்குத் தெரியும். இப்பத் தெரியுது. பட்டறையில எல்லா கஸ்டமருக்கும் அதேதான் எழுதிக் குடுப்பீங்களா? எல்லாருக்கும் கையாலயா? ஓ. நகல் எடுக்கற மிஷின் ரிப்பேரா.

என்னமோ, எனக்கு அது காதல் கடுதாசி மாதிரி இருந்துச்சு. சிரிங்க, சிரிங்க. துணி மெத்துன்னு இருக்கணும், நேர்கோட்டுல துடைக்கணும். வேற எப்படி இருக்குமாம் காதல் கடுதாசி?

அவ உங்க விரலை வாயில வைக்கறா, எடுத்துடுங்க. பெயிண்ட் இருக்கு. காஞ்சதா? காஞ்சதா இருந்தாலும் எடுத்துடுங்க.

பல்லா? ஆமா, கீழ ஒன்னு முளைக்குது. நேத்துத்தான் தட்டுப்பட்டுச்சு. உங்களுக்கு யார் சொன்னா?

அவரா? எப்ப?

காலைல வந்ததுமே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரா? வெல்டர் கிட்டக்கூடவா? ஸ்பூன்ல தட்டினா டிக்குன்னு சத்தம் வருதுன்னு சொன்னாரா? அட, அதை நான்தானே அவருக்குக் காட்டினேன். உம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டவலைத் தூக்கிட்டு காருகிட்டப் போயிட்டாரே. நல்ல மனுஷன். இங்க வந்தா உங்க கலரைப் பத்திப் பேசறாரு, அங்க வந்தா எங்க பல்லைப் பத்திப் பேசறாரு. ரெண்டு இடத்துலயும் ஆள் இல்ல, பேச்சு மட்டும் இடம் மாறி நிக்குது.

வேற என்ன சொல்லுவாரு அங்க? என்னைப் பத்தி? சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

பாப்பாவுக்கு மூச்சு இருக்கான்னு நான் ராத்திரி பத்து தடவை எழுந்து பாக்கறதையா? அதையும் சொன்னாரா? தூங்கறாருன்னு நெனச்சேனே. மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாப்பேன், கையை எடுத்ததும் இப்ப இருக்கான்னு மறுபடியும் சந்தேகம் வரும். அப்ப அவரு முழிச்சுட்டுத்தான் இருந்தாரா? முழிச்சுட்டு இருந்து ஒரு வார்த்தை பேசாம, மறுநாள் போய் உங்ககிட்ட சொன்னாரா?

பயமா இருக்கு, அவளுக்கு எப்படி சமாதானம் சொல்றதுன்னு தெரியலன்னு... அப்படியே சொன்னாரா? அவரு வாயால? என்கிட்ட வந்து நில்லுன்னு ஒரு கையை என் மேல வச்சிருந்தா போதுமே. அதுக்கு எதுக்குங்க யோசனை கேக்கணும், அதுவும் உங்ககிட்ட.

நீங்க என்ன சொன்னீங்க? நீங்களும் முழிச்சு உக்காருங்கன்னா? நல்ல யோசனைதான். செய்யல. ரூலா எழுதி ஒட்டியிருக்கணும் நீங்க.

இல்லங்க, கண்ணுல ஒன்னும் இல்ல. அடுப்புப் புகை. கேஸ் அடுப்புல புகை வராதுதான். விடுங்களேன்.

மணி மூணா? இன்னும் நேரம் இருக்கு. உக்காருங்க, அவ தூங்கப் போறா போல. உங்க மேலயே. எனக்கு ஒரு மணி நேரம் ஆடணும் பாடணும்.

அந்தப் படகை இறக்கறதுக்கு போன மாசம் வெளியூர் துறைமுகத்துக்குப் போனீங்களே, ஒன்பது நாளு. ஆமா, பதினாலு பேரு போனீங்க, தெரியும். அவரும் அதேதான் சொன்னாரு, பதினாலு பேருன்னு. நான் கேக்காமலே சொன்னாரு. எனக்கு பதினாலுல பன்னண்டு பேரு கண்ணுக்கே தெரியல. கார் அடிச்சு அப்போ மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. பெயிண்ட் இன்னும் உள்ள முழுசா இறுகல, ஒரு மாசத்துக்கு ரோட்டுல எறக்காத, சின்ன கல்லு தெறிச்சாக்கூட சில்லு பேந்துடும்னு சாவியைக் கையிலயே எடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு லைசென்ஸ் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்தது. அவரு எட்டு போடறப்ப மூணு தடவை ஃபெயிலு, நான் முதல் தடவையே பாஸு.

தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபோன் வரும். முதல் கேள்வி, கவர் நல்லா மூடியிருக்கா. ரெண்டாவது, காக்கா ஏதாச்சும். மூணாவதா, பாப்பா. மூணாவதுக்கு வரும்போது பின்னாடி யாராவது சிரிப்பாங்க. பொம்பளை சிரிப்பு. நீங்க இல்லயா? சமையக்கார அம்மாவா? அவங்களுக்கு அறுபது வயசா? இருக்கலாம். சிரிப்புல வயசு தெரியாதே.

மூணாவது நாள் இவளுக்குக் காய்ச்சல். தடுப்பூசி போட்ட காய்ச்சல்னு நெனச்சேன், சாயங்காலம் தொட்டா தோசைக்கல்லு மாதிரி இருக்கா. அன்னைக்குன்னு பாத்து அப்படி ஒரு மழை. ஆட்டோ கெடைக்கல. எவனும் இந்தத் தெருவுக்கு வரமாட்டேங்கறான், முட்டி வரைக்கும் தண்ணி. கிளினிக் ஒன்றரை கிலோமீட்டர். வாசல்ல கார் நிக்குது. கவர் போட்டு, உள்ள சொட்டு ஈரம் இல்லாம, மகாராணி மாதிரி நிக்குது. நான் அதைத் தாண்டித்தான் கேட்டைத் தொறக்கணும். இவளைப் போர்வையில சுத்தி, மேல குடையைப் பிடிச்சு, குடை மடங்கிப் போயி, அப்புறம் நானே குனிஞ்சு குடையா நடந்தேன். என் வாழ்க்கையில அப்படி பயந்ததில்ல. ஒவ்வொரு தெரு விளக்குக்கு அடியிலயும் நின்னு மூக்குல விரலை வச்சுப் பாத்தேன்.

ஒன்னும் ஆகல. டாக்டர் ஒரு சிரப் குடுத்தாரு, ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. திரும்பி வர்றப்பவும் நடைதான். கேட்டுக்குள்ள நுழையறேன், ஃபோன் அடிக்குது. எடுத்தா, அங்க மழைன்னு டிவில பாத்தேன், நம்ம தெருவுலயும் பெய்யுதா, கவர் விலகியிருக்கான்னு பாருன்னாரு.

நான் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லல. இப்ப வரைக்கும் சொல்லல. அவராக் கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன். மூணாவது கேள்வி வர்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு.

ஆமா, அவருக்குத் தெரியாது. நீங்கதான் முதல் ஆளு. எனக்கே ஆச்சரியமா இருக்கு, போயும் போயும் உங்ககிட்ட சொல்றேன். எங்க ஸ்கூல்ல சர்ச் ஒன்னு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை கிறிஸ்டியன் பொண்ணுங்க எல்லாம் பாவமன்னிப்பு கேக்கற மரப் பொட்டிகிட்ட வரிசையில நின்னு, முட்டி போட்டு என்னமோ சொல்லிட்டு, முகம் கழுவின மாதிரி வருவாங்க. எனக்கு அனுமதி இல்ல. வெளிய மரத்தடியில உக்காந்து அவங்க டிபன் பாக்ஸைக் காவல் காப்பேன். அப்பவே எனக்கு அதுல பொறாமைதான். எதுலதான் இல்ல.

பாக்கணுமா? எழுந்திருக்காதீங்க, அவ முழிச்சுக்குவா. லென்ஸ் கொண்டாந்திருக்கீங்களா? அதை வச்சு என்ன தெரியும்? கொப்புளம் எப்படி வந்திருக்குன்னு தெரியுமா? ஓ.

சரி, என்ன எழுதிக் குடுக்கப் போறீங்க நாலு மணிக்கு?

காட்டுங்க.

ஏற்கனவே எழுதிட்டீங்களா? அதே முத்து முத்து. பெயிண்டை இறுக வைக்கும் ஹார்டனர் அளவில் என் கவனக்குறைவால் பிழை நேர்ந்திருக்கலாம், அதற்கு நானே பொறுப்பு... ஏங்க, பிழை நேர்ந்துச்சா இல்லயா? நேரலன்னா எதுக்கு இப்படி எழுதணும்? ராத்திரி பூரா யோசிச்சும் வேற காரணம் தெரியலன்னா? தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க.

அந்தப் படகு... ஆமா, அதே கலவைதானே படகுக்கும். அப்ப அதை மறுபடியும் கரைக்கு ஏத்தி, மொத்தமாச் சுரண்டி... ஆறு பேருக்கு ரெண்டு மாச வேலையா? அவ்வளவும் உங்க தலையிலயா? இதைக் குடுத்துட்டு நீங்களே நின்னுக்கறீங்களா? முதலாளி போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறேன்னு. பன்னண்டு வருஷமா. உங்களுக்கு வீட்ல யாரு? அண்ணனா. அவரு என்ன சொல்றாரு? இன்னும் அவர்கிட்டயும் சொல்லலயா.

பேப்பரை இப்படிக் கசக்கறீங்களே? சொட்டு தப்பாத கையின்னு சொன்னாரு.

ஒன்னு சொல்லட்டுமா? நீங்க வேலையை விட்டுப் போயிட்டா எனக்கு நல்லதுதான். முதலாளி உங்களைத்தான் கேள்வி கேக்கறாருன்னு முந்தாநாள் அவரு வந்து சொன்னப்ப, உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. மறைக்க மாட்டேன். இனிமே சாப்பாட்டுல ராணி வராது, ஏழாவது எட்டாவதுன்னு ரூல் வராது. ஃபிரிட்ஜ்ல மறுபடியும் தடுப்பூசி அட்டையை மாட்டலாம். ரெண்டு நாளா அந்தக் குளிர்ச்சியிலதான் இருந்தேன். நல்லா தூக்கம் கூட வந்துச்சு. இன்னைக்கு நீங்க பெல் அடிச்சப்ப கதவைத் தொறக்க வேணாம்னுதான் நெனச்சேன்.

நீங்க இப்படி இருப்பீங்கன்னு தெரியாது. இன்னும் அழகா, இன்னும் திமிரா இருப்பீங்கன்னு நெனச்சேன். கால் செருப்புல பின்னு குத்தி வச்சிருக்கீங்க. தின்னர் பட்டுப் பட்டு கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. அதோட தூங்கற குழந்தையைத் தட்டறீங்க, மெதுவா, நேர்கோட்டுல.

அந்தப் பேப்பரைக் கிழிச்சுடுங்க. நான் கிழிக்கட்டுமா? குடுங்க. கிழிச்சாச்சு. அட, கத்தாதீங்க, அவ முழிச்சுக்கப் போறா.

உங்க கலவை நல்ல கலவைங்க. படகைச் சுரண்ட வேணாம்னு சொல்லுங்க. ஏழாவது ரூல் என்ன, உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஈரத்தோட எதையும் மேல போட்டு மூடி வைக்கக் கூடாது, இது தண்ணிக்கு மேல நிக்கற பாகத்துக்கு அடிக்கற பெயிண்ட், ஈரம் உள்ள அடைஞ்சு வெயில் பட்டா கொப்புளம் வரும். நல்லா விளக்கமா எழுதியிருந்தீங்க. படகு பெயிண்டாச்சே, தண்ணி என்ன பண்ணும்னு யாரும் நெனச்சுடக் கூடாதுன்னு. நீங்க அவ்வளவு தெளிவா எழுதலன்னா எனக்கெல்லாம் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.

அன்னைக்கு ராத்திரி வேணும்னு பண்ணல. அந்த ஃபோன் கட்டான கோவத்துல, நனைஞ்ச போர்வையை எங்க போடறதுன்னு தெரியாம, கவரைத் தூக்கி பானெட் மேல விசிறிட்டு, கவரை இழுத்து விட்டுட்டு உள்ள வந்துட்டேன். காலைல ஏழாவது ரூல் ஞாபகம் வந்துச்சு. எடுக்கத்தான் போனேன். கவரைத் தூக்கினேன். அப்புறம் என்ன தோணுச்சோ, போய் பாத்ரூம்லேர்ந்து ஒரு மக் தண்ணி கொண்டாந்து அது மேல ஊத்தினேன். அடுத்த நாளும். அவரு வர்ற அன்னைக்கு முந்தின நாள் வரைக்கும், தினம் ஒரு மக்கு. அஞ்சு நாளு. நல்ல வெயில் வேற.

லென்ஸெல்லாம் வேணாம். அவளை இப்படிக் குடுங்க. மெதுவா, தலையைப் பிடிச்சுக்கோங்க... ஆங். அந்தப் போர்வையை எடுத்துட்டுப் போய் பானெட்ல விரிங்க. கட்டத்துக்குக் கட்டம் பொருந்தும். தையல் ஓடின இடத்துல கொப்புளம் இருக்காது. மூணாவது வரிசையில ஒரு கட்டம் கோணலா இருக்கும் பாருங்க, தைக்கறப்போ இவ உள்ளேர்ந்து உதைச்சா, ஊசி வழுக்கிடுச்சு. பானெட்லயும் அந்தக் கட்டம் கோணல்தான். போட்டோ எடுத்துக்கோங்க, முதலாளிகிட்டக் காட்டுங்க, நான் பண்ணதுன்னே சொல்லுங்க.

அவருகிட்ட மட்டும் நீங்க சொல்லிடாதீங்க. எல்லாம் உங்க வழியாத்தான் போகுது. இதையாவது நானே சொல்லிக்கறேன்.